குளத்தைப் பாக்காதீங்கடே

ஏலே எளவட்டங்களா, இந்தக் கெழட்டுக் கட்டை ஒரு புத்தி சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. நம்ம ஊருக் குளத்தைப் பாக்காதீங்க. கரை வழியாப் போகையில தலையைத் தூக்கவே தூக்காதீங்க. கையில செல்போன் இருக்குல்லா, அதையே பாத்துக்கிட்டுப் போங்க. திருப்பத்துல தடுமாறி விழுந்தா முட்டிதான் பேரும், மருந்து போட்டா ஆறிரும். குளத்தைப் பாத்து வார சங்கடம் லேசுல ஆறாது.

எப்படிங்கிய? பாத்தவன் பைய நிப்பான். நின்னவன் யோசிப்பான். யோசிச்சவன் ஒருநாள் டீக்கடையில வச்சு, "போன வருசம் தண்ணி கெடந்த எடத்துல இந்த வருசம் எப்படி பிளாட்டுக் கல்லு மொளைச்சிருக்கு?"ன்னு கேட்டுருவான். அம்புட்டுத்தான். பொழுது சாயுததுக்குள்ள அவங்க அப்பனைத் தேடிப் பெரிய மனுசங்க வந்துருவாங்க. சண்டைக்கெல்லாம் வர மாட்டாங்க. ரொம்ப அக்கறையா வருவாங்க. "ஓம் மவன் நல்லாப் படிக்கானாமே, சென்னையில எதும் வேலை பாத்துக் குடுக்கவா?"ம்பாங்க. ஊர்ல எத்தனையோ பட்டதாரி சும்மா திரியுதான். அவனுக்கெல்லாம் வராத யோகம் குளத்தைப் பத்திக் கேட்டவனுக்கு மட்டும் வந்துருது. வேலை கெடைக்கலைன்னு பொலம்புதவன் ஒருக்கா கேட்டுத்தான் பாரேன்.

மேலத்தெருப் பய ஒருத்தன் கேமரா வச்சிருக்கான். அந்த லென்சு வாங்கின காசுக்கு ரெண்டு கறவை மாடு வாங்கியிருக்கலாம்னு அவங்க ஆச்சி இன்னமும் மூக்கைச் சிந்துதா. அவன் ஒரு மீன்கொத்திப் படம் கொண்டாந்து காட்டுனான். படம்னா படம், றெக்கையில இருக்க நீலம் நம்ம கண்ணுல ஒட்டிக்கிடும். எனக்கு அந்த எடம் தெரியும். மீன்கொத்தி உக்காந்திருந்த கம்புல கிழிஞ்ச சாக்கு தொங்குது, அதுக்குக் கீழ பிள்ளைகளுக்குக் கட்டுத டயாபர் மெதக்குது. படத்துல ரெண்டையும் காணோம். "எங்கடே போச்சு?"ன்னேன். "கிராப் பண்ணிட்டேன் பாட்டையா"ன்னான். எனக்கு மலைச்சுப் போச்சு. தூய்மைக் காவலர் வந்து, வண்டி வந்து, அதுக்கு டீசல் வந்து, இம்புட்டும் வந்தும் அள்ள முடியாமக் கெடந்ததை ஒத்தை வெரல்ல அள்ளிட்டியேடா! இந்த வித்தையைக் கலெக்டர் ஆபீசுல சொல்லிக் குடுத்தா மாவட்டமே சுத்தமாயிரும்.

கீழத்தெருவுல இன்னொருத்தன் இருக்கான். இவன் நேர் எதிர். குப்பையைத் தவிர வேற எதையும் படம் எடுக்க மாட்டான். சாக்கடை, செத்த மீனு, உடைஞ்ச பாட்டில். எடுத்துப் போட்டு, "தமிழினமே விழித்தெழு"ன்னு எழுதிருவான். எழுதிட்டு மத்தியானம் வரைக்கும் தூங்குவான். அவன் ஒருநாள் கரையில நின்னு பேசி வீடியோ எடுக்கான், நான் பாத்துக்கிட்டே இருக்கேன். அவனுக்குப் பின்னால நத்தைகுத்தி நாரை கூட்டமா எறங்கி மேயுது. அலகு நடுவுல ஒரு சந்து இருக்கும், பாத்திருக்கியளா? மூடுனாலும் மூடாது. நத்தையை ஓட்டுக்குள்ள இருந்து உருவித் திங்கதுக்குன்னே வாச்ச அலகு அது. இவன் திரும்பியே பாக்கல. "இந்தக் குளம் செத்துப்போச்சு"ன்னு சொல்லி முடிச்சான். செத்த குளத்துல அம்புட்டுப் பேருக்கும் சாப்பாடு எங்கிருந்துடே வந்துச்சு?

ரெண்டு பேரையும் ஒரே வண்டியில ஏத்திவிட்டாத் தேவலை. அழகை மட்டும் பாக்கவன் இந்தக் குளம் அழுகினா அடுத்த குளத்துக்குப் போயிருவான். அவனுக்கென்ன, பெட்ரோல் போட அப்பன் இருக்கான். அழுக்கை மட்டும் பாக்கவன் மூணே மாசத்துல சலிச்சுப் போயி, "இந்த நாடு உருப்படாது"ன்னு கிரிக்கெட் பாக்கப் போயிருவான். நாரைக்காகக் குளத்தாங்கரைக்கு வந்தவன்தான் சாக்கடையை நாறுதுன்னு வையுததுக்கும் அங்கன இருப்பான்.

கூந்தன்குளத்துக்காரங்களைக் கேட்டுப் பாருங்க. நாங்குநேரிப் பக்கம், நம்ம ஜில்லாதான். அந்த ஊரு ஆளுக தீவாளிக்கு வெடி போட மாட்டாங்க. ஏன்னா ஊருக்குள்ள, வீட்டு முத்தத்து மரத்துல கூழைக்கடா கூடு கட்டியிருக்கும், மஞ்சமூக்கு நாரை கட்டியிருக்கும். கீழ விழுந்த குஞ்சைத் தூக்கி வளத்து விடுதவங்க அந்த ஊர்ல உண்டு. புண்ணியத்துக்கு மட்டும் செய்யலடே, வெவரமும் இருக்கு. பறவை எச்சம் விழுந்து ஊறுன குளத்து வண்டலை அள்ளி வயல்ல போட்டா உரம் வாங்குத செலவு கொறையும்னு அவங்க பாட்டன் காலத்துலேயே தெரிஞ்சு வச்சிருந்தாங்க. அரசாங்கம் 1994லதான் அதைச் சரணாலயம்னு சொல்லுச்சு. 2022ல ராம்சார் தலம்னு ஒலகப் பட்டியல்ல சேத்தாங்க. ஊர்க்காரங்க அதுக்கு ரொம்ப முந்தியே சேத்துட்டாங்க, சர்ட்டிபிகேட்டுதான் லேட்டா வந்துச்சு. கடனா நதியும் தாமிரபரணியும் கூடுத எடத்துல திருப்புடைமருதூர் இருக்கு. அங்கன கோயில் பக்கத்து மருத மரங்கள்ல நாரைக அடையுது. 2005ல அதையும் காப்பகமா அறிவிச்சாங்க. நீங்க அங்க போயிக் கோபுரத்துக்கு முன்னால நின்னு செல்ஃபி எடுத்துட்டு வந்திய. மேல அண்ணாந்து பாத்தியளா? பாத்திருக்க மாட்டிய. சட்டையில விழுந்திருந்தா பாத்திருப்பிய.

நீங்க ஊட்டிக்குப் போறதுக்கு மூணு மாசம் வாட்சப்புல பேசுதிய. வரித்தலை வாத்துன்னு ஒண்ணு இருக்கு. வெள்ளைத் தலையில கறுப்பா ரெண்டு கோடு போட்டிருக்கும். மங்கோலியா, திபெத்துப் பக்கம் இருந்து கெளம்பி, இமயமலையைத் தாண்டி, கூந்தன்குளத்துக்கு வந்து எறங்குது. பாஸ்போர்ட்டு இல்ல, கூகுள் மேப்பு இல்ல. அது அம்புட்டுத் தூரம் வந்து பாக்குத குளத்தை, அரை மணி பஸ்சுல இருக்க நீ பாத்ததில்ல. அதுக்கு என்ன கோட்டியா பிடிச்சிருக்கு?

மஞ்சமூக்கு நாரை மீன் பிடிக்கதை நின்னு பாக்கணும். கண்ணால தேடாது. வாயைப் பாதி தொறந்து தண்ணிக்குள்ள வச்சுக்கிட்டு பைய நடக்கும். மீன் தானா வந்து அலகுல பட்டதும் படக்குன்னு மூடிரும். நம்ம ஊர்லயும் அதுமாதிரி வாயைத் தொறந்து வச்சுக்கிட்டே குளத்தைச் சுத்தி நடக்குத ஆளுக உண்டு, பேரு சொல்ல மாட்டேன், எனக்கு வயசாயிட்டு. முக்குளிப்பான் கூட்டைப் பாத்திருக்கியளா? தண்ணியில மெதக்குத பாசியும் தழையும்தான் கூடு. எரை தேடப் போகையில முட்டை மேல தழையை இழுத்து மூடிட்டுப் போகும். ஆள்காட்டிக்கு அந்தக் கூடும் கெடையாது. பொட்டல்ல நாலு கூழாங்கல்லுக்கு நடுவுல முட்டையிட்டு வச்சிருக்கும், மிதிக்கப் போற வரைக்கும் தெரியாது. நீங்க கிரிக்கெட்டு ஆடுத குளத்து உள்வாயிலதான் இட்டு வச்சிருக்கும். பந்தைத் தேடப் போகையில அது தலைக்கு மேல கத்திக்கிட்டே பறக்குதுல்லா, ஒங்க ஆட்டத்தைப் பாத்துக் கைதட்டுதுன்னு நெனைச்சுக்கிட்டியளாக்கும்.

மாசி பங்குனியில சாயந்திரம் மேக்க பாருங்க. நடு ஆசியாவுல இருந்து வந்த சூறைக்குருவி அடையப் போகும். ஆயிரக்கணக்குல ஒண்ணாத் திரும்பும், ஒண்ணா எறங்கும், ஒண்ணா மேல போகும், ஒண்ணோட ஒண்ணு இடிக்காது. நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டுல ரெண்டு ஷேர் ஆட்டோ இடிக்காமத் திரும்பினா அது அதிசயம்.

ஆனாப் பாருங்க, கண்ணுக்கு அழகாத் தெரியுததை எல்லாம் அழகுன்னு நம்பிராதீங்க. நம்ம பிள்ளைக ஏமாறுததே அங்கதான். அமலைச்செடி பூத்திருக்கையில குளம் முழுக்க ஊதாப் பூவா நிக்கும். போன கார்த்திகையில ஒரு சோடி வந்து அதுக்கு முன்னால நின்னு கல்யாணத்துக்கு முந்துன போட்டோ எடுத்துச்சு. மாப்பிள்ளை முழங்கால் வரைக்கும் எறங்கி ஒரு பூவைப் பறிச்சுப் பொண்ணுக்குக் குடுத்தான். தென்னமெரிக்காவுல இருந்து வந்த செடிடே அது. சாக்கடையில வார உரச்சத்தைத் தின்னு கொழுக்கும். தண்ணியை மூடி, வெயிலை மறிச்சு, அடியில மீனுக்கு மூச்சு இல்லாம ஆக்கிரும். அது எங்கன செழிப்பா நிக்கோ அங்கன ஏதோ ஒரு சாக்கடை வந்து சேருதுன்னு அர்த்தம். மாப்பிள்ளை எறங்கி நின்னது எதுலன்னு நான் அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லல. நல்ல காரியம் நடக்கையில நாம ஏன் வாயைத் தொறக்கணும்?

இதுக்கு மாத்தா, தண்ணி வத்தி வாரப்போ ஓரத்துல சகதி கெடக்கும். நாத்தம் வரும். "சீ, அசிங்கம்"ன்னு மூக்கைப் பொத்துதிய. அந்தச் சகதியிலதான் உள்ளானும் பவளக்காலியும் கெடந்து கொத்தும், அரிவாள்மூக்கன் அலகை முழுசா விட்டுத் துழாவும். நாரைக்கு முழங்கால் அளவுத் தண்ணி வேணும். கழுத்தளவுத் தண்ணியில அது நிக்க முடியாது, அதுக்கு நீச்சல் தெரியாது. இது தெரியாமத்தான் ஒரு ஊர்ல குளத்தை "அழகுபடுத்துதோம்"னு கெளம்புனாங்க. ஓரத்தை எல்லாம் செங்குத்தா வெட்டி, கல்லுப் பதிச்சு, நடைபாதை போட்டு, ராத்திரி முழுக்கக் கலர் லைட்டு எரியவிட்டு, குளத்தை நேசிக்கோம்னு ஒரு இதயப் படத்தோட போர்டு வச்சாங்க. நானும் போயிப் பாத்தேன். நேசிக்கதுக்கு ஆள் நெறைய வந்திருந்தாங்க. நேசிக்கப்பட வேண்டியதுகதான் ஒண்ணுகூட வரல.

வேலிக்கருவையும் இந்தக் கணக்குலதான் வருது. அது கெட்ட மரம்னு நீங்க படிச்சிருக்கிய, சரிதான். குளத்து உள்வாயில அது ஏறிட்டா வேற எதையும் தலையெடுக்க விடாது. 2017ல மதுரை உயர்நீதிமன்றக் கிளையே அதை வெட்டணும்னு சொல்லி, ஊர் ஊரா ஜேசிபி எறங்குச்சு. ஆனா ராமநாதபுரத்துச் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் சரணாலயங்கள்ல போயிப் பாருங்க. நாட்டுக் கருவேலோட இந்த முள்ளு மரத்துலயும் பறவை கூடு கட்டியிருக்கும். அதுக்கு அரசிதழ் படிக்கத் தெரியாது. பறவை குஞ்சோட இருக்கையில போயி ஆவேசமா வெட்டுனா மரமும் போகும் குஞ்சும் போகும். வெட்டுங்க, வேண்டாம்னு சொல்லல. எந்த மாசம், எந்த மரம், அந்த எடத்துல என்னத்தை நடப் போறீகன்னு ஒருக்கா யோசிச்சிட்டு வெட்டுங்க.

நடுததுன்னு சொன்னதும் ஞாபகம் வருது. மரம் நடு விழா. அடேயப்பா, ஒரு கன்னுக்கு பதினோரு கை. ஒருத்தர் தூரைப் பிடிக்காரு, ஒருத்தர் எலையைப் பிடிக்காரு, கடைசியில நிக்கவர் முன்னால நிக்கவர் முழங்கையைப் பிடிக்காரு. நட்டது என்னன்னு பாத்தா மடகாஸ்கர்ல இருந்து வந்த மயில்கொன்னை. குளத்தாங்கரைக்குப் பனை இருக்கு, பாட்டன் நட்டு வச்சதைப் பாத்தாவது தெரிஞ்சிருக்கலாம். ஈரத்துக்கு மருதம் இருக்கு, ஆத்தோரம் பூரா நிக்கி. பனை நட்டா அது வளருததுக்குள்ள போட்டோ பழசாயிருமேன்னு கவலைபோல. அடுத்த வருசம் விழாவுக்கு அதே குழியிலதான் நட்டாங்க. குழி தோண்டுத செலவு மிச்சம்.

ட்ரோன் வச்சிருக்கவன் கொஞ்சம் பக்கத்துல வாடே. கூடு கட்டியிருக்க மரத்துக்கு மேல அதைப் பறக்கவிட்டா தாய்ப்பறவை பதறி எந்திரிக்கும். அது எந்திரிச்சதும் காக்கா எறங்கும். முட்டையைத் தூக்கிட்டுப் போயிரும். ஒனக்குக் கெடைக்குத ரெண்டாயிரம் லைக்குல காக்கா போட்டது எத்தனைன்னு எண்ணிப் பாரு.

சரி, குளத்துல கெடக்க அழுக்கு அங்கன பொறந்ததுன்னு நெனைக்கியளா? இதுக்குப் பதில் கரையில நின்னாக் கெடைக்காது. வரத்துக்கால்ல நடக்கணும். பொதிகையில பொறந்து புன்னக்காயல்ல கடலைத் தொடுத வரைக்கும் 128 கிலோமீட்டர்தான் நம்ம தாமிரபரணி. அதுக்குள்ள மருதூர், ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் எட்டு அணைக்கட்டு. ஒவ்வொண்ணுல இருந்தும் கால் பிரிஞ்சு, கால்ல இருந்து குளம், அந்தக் குளத்து மறுகால்ல இருந்து அடுத்த குளம்னு சங்கிலியாப் போகும். நம்ம குளத்துக்கு மேல எந்தக் குளம், கீழ எந்தக் குளம்னு கேட்டா பதில் சொல்ல ஒருத்தனுக்குத் தெரியல. ஐபிஎல்லுல எந்த டீமுக்கு அடுத்து எந்த டீமுன்னு கேட்டா தூக்கத்துலயும் சொல்லுதிய.

ஒருநாள் வெள்ளன எந்திரிச்சு கால் ஓரமாவே மேக்க நடங்க. மொதல்ல கோழிக்கடைக் கழிவு கட்டுன சாக்கு வரும். ராத்திரி பைக்குல வந்து பாலத்துல இருந்து போடுததுதான். நாய்க்குத் தெரிஞ்ச அந்த நேரம் ஊர்க்காரங்களுக்குத் தெரியல. அப்புறம் பாட்டிலு. அப்புறம் ரோடு அகலப்படுத்தையில கால் மேல போட்ட கொழாய். பழைய பாலத்துல ஆளு குனியாம நொழையலாம், புதுக் கொழாய்ல பூனை குனிஞ்சு போகணும். அதுக்கு மேல ஒரு எடத்துல காலையே காணோம். ஒரு கல்யாண மண்டபம் நிக்கும், தாம்பூலப் பையில "இயற்கையைக் காப்போம்"னு அச்சடிச்சுக் குடுப்பாங்க. இன்னும் மேக்க பாபநாசம் வரைக்கும் போனா, பாவத்தைத் தொலைக்க வந்தவங்க கட்டியிருந்த துணியையும் ஆத்துலயே தொலைச்சிட்டுப் போயிருப்பாங்க. டன் கணக்குல அள்ளுதாங்க. பாவம் எந்தக் கெடங்குல சேருதுன்னு தெரியல, துணி மட்டும் நல்லாத் தெரியுது.

தண்ணிக்கு இதெல்லாம் மறக்காது. 2023 டிசம்பர் 17, 18ல பெஞ்ச மழை ஞாபகம் இருக்குல்லா? காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேசன்ல ரயிலு நின்னுபோயி ஏறக்குறைய 800 பேரு தவிச்சாங்க. எத்தனையோ குளம் ஒடைஞ்சுச்சு. எங்க ஆளுக சில பேரு, "நம்ம தெருவுக்கு எப்படித் தண்ணி வந்துச்சு?"ன்னு வாயைப் பொளந்தாங்க. அந்தத் தெருவுக்குப் பழைய பேரு என்னன்னு கேட்டேன். ஓடைத்தெரு. யாரும் பேசல. மழை அம்புட்டுப் பேயிததுக்கு நாம பொறுப்பில்லைதான். அது போக வேண்டிய வழியில ஹால், பெட்ரூம், கிச்சன்னு பிரிச்சுக் கட்டுனதுக்கு யார் பொறுப்புன்னு சகதியை வழிச்சுக்கிட்டே யோசிச்சுக்கிட்டாங்க. ஒரு வாரம் யோசிச்சாங்க. அப்புறம் பெயின்ட் அடிச்சாங்க.

நமக்கு ரோசம் இல்லைன்னு சொல்ல முடியாது. 2024 டிசம்பர்ல நடுக்கல்லூர், கொடகநல்லூர்ப் பக்கம் கேரளத்து ஆஸ்பத்திரிக் கழிவைக் கொட்டிட்டுப் போனாங்கல்லா? ஊரே கொதிச்சுச்சு. பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டுச்சு. அவங்களே லாரி கொண்டாந்து அள்ளிக்கிட்டுப் போனாங்க. பாத்தவங்க பாத்து, சொல்லவேண்டிய எடத்துல சொன்னதால நடந்த காரியம் அது. நல்ல காரியம். எனக்கு ஒரு சந்தேகம்தான். பக்கத்து மாநிலத்துக் குப்பை மேல வந்த கோவத்துல கால்வாசியாவது நம்ம கோழிக்கடைச் சாக்கு மேல வரக்கூடாதா? அது நம்ம சொந்தக் குப்பைங்கிற பாசமா?

இப்ப ஒரு பிள்ளையைப் பத்திச் சொல்லுதேன். காலேஜுல படிக்கா. கேமரா கெடையாது. ஒரு நோட்டும் பேனாவும்தான். காலையில பால் ஊத்தப் போறவ, வழியில ஒரே எடத்துல நிப்பா, மறுகால் பக்கம். தேதி போடுவா. தண்ணி எந்தப் படி வரைக்கும் நிக்கி, நாமக்கோழி எத்தனை, நாரை எத்தனை, தண்ணி என்ன நெறம், கால்ல என்ன மெதந்து வந்துச்சு, அம்புட்டும் ரெண்டு வரியில எழுதிருவா. மொதல்ல நம்ம பயலுக சிரிச்சானுக. "எவனுக்கோ லெட்டர் எழுதுதா"ன்னானுக. அவ அசரல. இப்ப அவகிட்ட அமலை எந்த மாசம் எந்த மூலையில மொளைச்சுச்சு, எத்தனை நாள்ல மடை வரைக்கும் வந்துச்சுன்னு இருக்கு. கலர் மாறுன தண்ணி ஞாயித்துக்கெழமைதான் வருதுன்னு இருக்கு. ஞாயித்துக்கெழமை எந்தக் கடையில யாவாரம் கூடன்னு ஒங்களுக்கே தெரியும்.

பெரிய ஆளுகளும் இதைத்தான் செஞ்சிருக்காங்க. எழுத்தாளர் அ. மாதவையாவோட கடைசிப் பிள்ளை மா. கிருஷ்ணன், 1912ல நம்ம திருநெல்வேலியில பொறந்தவரு. 1950ல ஆரம்பிச்சு 1996ல கண்ணை மூடுத வரைக்கும் ஸ்டேட்ஸ்மேன் பத்திரிகையில ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா எழுதுனாரு. புலி, ஆனை மட்டும் எழுதல. காக்கா, அணில்னு வீட்டைச் சுத்தித் திரியுததையும் விடாம எழுதுனாரு. நீங்க புலி பாக்க முண்டந்துறைக்கு ஜீப்பு புக் பண்ணிட்டு, வழியில நிக்க பனங்காடைக்கு ஹாரன் அடிச்சுட்டுப் போறிய.

அந்தப் பிள்ளை 2011ல இருந்து நடக்குத தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புல சேந்துக்கிட்டா. தை மாசத்தை ஒட்டி அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையத்துக்காரங்க கூட்டிட்டுப் போவாங்க. குளம் குளமாப் போயி எண்ணுவாங்க. பொங்கலுக்கு நாலு நாள் தமிழ்நாடு பூரா எண்ணுத கணக்கும் உண்டு, செல்போன்ல இ-பேர்டுன்னு ஒரு செயலியில ஏத்துதாங்க. அப்படின்னா அந்தச் சனியன்ல நல்லதும் நடக்கும்போல.

அவ ஒருநாள் எங்கிட்ட வந்து, "பாட்டையா, நீங்க சின்னப்பிள்ளையா இருக்கையில குளத்துல என்னென்ன மீனு கெடந்துச்சு?"ன்னு கேட்டா. நான் ஆரம்பிச்சேன். விரால், ஆரா, கெளுத்தி, உளுவை, அயிரை. விரால் எம்புட்டு நீளம்னு கையை விரிச்சுக் காட்டுனேன். அவ பக்கத்து வீட்டுக் கெழவன்கிட்டயும் கேட்டிருக்கா, அவன் இன்னும் ஒரு சாண் கூட விரிச்சிருக்கான். அடுத்த தெருவுல ஒருத்தன் கை பத்தாம எந்திரிச்சே நின்னுட்டான். எங்களை நம்பாதீங்கடே. "அந்தக் காலத்துல"ன்னு நாங்க ஆரம்பிச்சா மீன் வளந்துக்கிட்டே போகும். அவ வெவரமானவ. நீளத்தை விட்டுட்டுப் பேரை மட்டும் எழுதிக்கிட்டா. மூணு கெழவனும் சொன்ன பேருக்கு மட்டும் டிக் போட்டா. இப்பப் பிடிபடுத மீன் என்னன்னு சந்தையில போயிப் பாத்தா. பாதிக்கு மேல சிலேபிதான்.

நோட்டு நெறைஞ்சதும் அவ அடுத்த வேலைக்குப் போனா. இ-சேவையில "அ" பதிவேடு எடுத்தா. எந்தப் புல எண்ணு நீர்நிலைப் புறம்போக்குன்னு அதுல இருக்கும். கிராம வரைபடத்துல காலைத் தடம் பாத்து, தான் நடந்த வழியோட ஒப்பிட்டா. கால் காணாமப் போன எடம் எந்த எண்ணுல வருதுன்னு தெரிஞ்சுபோச்சு. குளத்து ஆக்கிரமிப்பை அகத்துததுக்கு 2007லயே தனிச் சட்டம் இருக்கு. சட்டம் இருந்து என்ன, மதுரையில உயர்நீதிமன்றக் கிளை நிக்குததே உலகனேரிக் கண்மாய்லதான்னு சட்டம் படிச்ச ஒரு பய எங்கிட்டச் சிரிச்சான். கண்மாய்க்குள்ள உக்காந்திருக்கவங்களுக்குத் தண்ணிக் கஷ்டம் நல்லாத் தெரியும்லேன்னு சொல்லி நானும் சிரிச்சு வச்சேன்.

அவ கிராம சபைக்கு வாரா. வருசத்துல ஆறு தடவை கூடணும்னு இருக்கு. நாலுதான் ஒங்களுக்குத் தெரியும், கொடி ஏத்துத ரெண்டு நாளு, மே தினம், காந்தி பொறந்தநாள்னு. மார்ச் 22 தண்ணிக்குன்னே உள்ள நாளு, அன்னைக்கும் உண்டு. நவம்பர் 1லயும் உண்டு. நீங்களும் வாங்க. பின்னால நின்னு விசில் அடிக்காதீங்க, கையெழுத்துப் போடுத எடத்துல மட்டும் எட்டிப் பாத்துட்டு ஓடாதீங்க. "குளம் கெட்டுப்போச்சு, ஏதாவது செய்யுங்க"ன்னு சொன்னா, "செய்வோம் தம்பி"ன்னு பதில் வரும், அதுக்குச் செலவே கெடையாது. "இந்தப் புல எண்ணுல கால் அடைபட்டிருக்கு, இந்தத் தேதியில இருந்து அமலை வந்திருக்கு, தீர்மானப் புத்தகத்துல ஏத்துங்க"ன்னு சொல்லிப் பாருங்க. நாற்காலி கிறீச்சுன்னு சத்தம் போடும். நான் முன் வரிசையில உக்காந்திருப்பேன், காது கேக்காதவன் போல. "என்ன எண்ணு சொன்னா? இன்னொருக்கா சத்தமாச் சொல்லச் சொல்லுங்கய்யா"ன்னு கேக்கதுக்கு ஒரு ஆளு வேணும்லா.

அப்பவும் ஒருத்தர் வந்து பக்கத்துல உக்காருவாரு. "நம்ம வீட்டுப் பிள்ளைகதானே"ம்பாரு. டீ வரும், வடை வரும். "அந்த நோட்டைக் குடும்மா, ஆபீசுல வச்சு நெதானமாப் பாத்துட்டுத் தாரேன்"ம்பாரு. வடை நல்லாத்தான் இருக்கும், திங்கக் கூச்சப்படாதீங்க. டீயையும் குடிச்சிருங்க. நோட்டை மட்டும் குடுத்துராதீங்கடே.